இடம் விற்கிறவர்களின் வாசல்

ஒரு வீட்டுக்கு விருந்தாளியாகப் போகிறோம். வாசலில் நின்று செருப்பை எங்கே விடலாம் என்று பார்க்கிறோம். அந்த வீட்டுக்காரர் உள்ளே இருந்தபடியே, "செருப்பை அடுத்த தெருவில் விட்டுவிட்டு வாருங்கள், இங்கே இடமில்லை" என்று சொன்னால், பந்தியில் நமக்கு இலை எங்கே போடுவார் என்று ஊகிக்கப் பெரிய புத்தி வேண்டியதில்லை. நம்மில் மானமுள்ளவர்கள் அப்படியே திரும்பி நடந்துவிடுவார்கள். ஆனால் அதே காரியத்தை ஒரு கம்பெனி, கண்ணாடிக் கதவும் புல்தரையும் வைத்துக்கொண்டு செய்தால், நாம் திரும்பி நடப்பதில்லை. செருப்பை அடுத்த தெருவில் விட்டுவிட்டு, மூச்சு வாங்க ஓடிவந்து, பையிலிருக்கும் பணத்தையும் எடுத்து நீட்டுகிறோம்.

நான் எழுதப் போவது ஒரு காரை நிறுத்த இடம் கிடைக்காத கதை. "ஊரில் குடிதண்ணீருக்கு வரிசை நிற்கிறது, இவருக்குக் காரை நிறுத்த இடமில்லையென்று கவலையா?" என்று சில வாசகர்கள் முகம் சுளிக்கலாம். அவர்களுடைய கோபம் நியாயமானதுதான். அதற்கு நானே பின்னால் வருகிறேன். ஆனால் ஒரு பானை சோற்றுக்கு ஒரு சோறு பதம். அன்றைக்கு என் விரலில் நசுங்கிய ஒரு பருக்கை, அந்தப் பானை முழுவதும் எப்படி வெந்திருக்கிறது என்பதைச் சொல்லிவிட்டது.

என் அக்காள் புருஷர் மின்சார வாரியத்தில் 34 வருஷம் உத்தியோகம் பார்த்து ஓய்வு பெற்றவர். கணக்கில் கெட்டி. ஏமாறுகிற ஆசாமி அல்ல. மதுரையில் ஒரு ஜவுளிக்கடை வாசலில், கழுத்தில் அட்டை மாட்டிய ஒரு பையன் அவரிடம் காகிதம் ஒன்றை நீட்டி, பெயரும் போன் நம்பரும் எழுதினால் குலுக்கலில் பரிசு உண்டு என்றான். எழுதிக் கொடுத்தார். மறுநாளிலிருந்து போன் வர ஆரம்பித்தது. விடுமுறை விடுதிகளில் வருஷத்துக்கு ஒரு வாரம் குடும்பத்தோடு தங்கலாம். இன்ன அறை, இன்ன வாரம் என்ற கட்டுப்பாடு கிடையாது. 'பாயிண்ட்' வாங்கிக்கொண்டால் போதும், 25 வருஷத்துக்கு இந்தியாவெங்கும் உங்களுக்கு வீடு என்றார்கள். விலை ஐந்து லட்சத்துக்குச் சற்று மேல். வருஷா வருஷம் பராமரிப்புக் கட்டணம் தனி.

அத்தானுக்கு அதில் ஒரு ஆசை பிறந்தது. அந்த ஆசையை நான் கேலி செய்ய மாட்டேன். பிள்ளைகள் இருவரும் இரண்டு ஊர்களில் இருக்கிறார்கள். பேரன் பேத்திகள் கோடையில் ஒன்றாக வந்தால், மதுரை வீட்டின் இரண்டு அறைகளில் வெயிலும் நெரிசலுமாக மூன்றாம் நாளே ஊருக்குக் கிளம்பும் பேச்சு வந்துவிடும். குளிர்ச்சியான ஓர் இடத்தில், எல்லாரும் ஒரு கூரையின் கீழ் ஏழு நாள் இருக்க வேண்டும். தாம் போன பிறகும் அது தொடர வேண்டும். ஓய்வூதியக்காரர் ஒருவர் ஐந்து லட்சம் கொடுத்து வாங்க நினைத்தது அந்த ஏழு நாளைத்தான்.

கணக்கில் கெட்டிக்காரர் அல்லவா? "இடத்தைக் கண்ணால் பார்க்காமல் கையெழுத்துப் போட மாட்டேன்" என்று சொல்லிவிட்டார். அவர்களும் சந்தோஷமாகச் சம்மதித்தார்கள். கொடைக்கானலில் உள்ள விடுதிக்குப் புதன்கிழமை காலை 11 மணிக்கு வரச் சொன்னார்கள். கார் நம்பரைக் கேட்டு வாங்கிக்கொண்டார்கள். துணைக்கு நானும் கிளம்பினேன். முழங்காலில் அறுவைச் சிகிச்சை செய்துகொண்டு கைத்தடியுடன் நடக்கும் அக்காளும் வந்தாள். "நானும் பார்க்காம எப்படி வாங்கறது?" என்றாள்.

கொடைக்கானலுக்குக் காரில் போகிறவர்கள் இப்போது இ-பாஸ் எடுக்க வேண்டும். சென்னை உயர் நீதிமன்றத்தின் உத்தரவின்படி 2024 மே 7 முதல் ஊட்டிக்கும் கொடைக்கானலுக்கும் வந்த ஏற்பாடு இது. அத்தான் வீட்டில் உட்கார்ந்தபடியே போனில் விவரங்களைக் கொடுத்தார். சில நிமிஷங்களில் பாஸ் வந்துவிட்டது. காசு கேட்கவில்லை. மலைப் பாதையில் அதைக் காட்டினோம், பார்த்தார்கள், போகச் சொன்னார்கள். சர்க்கார் காரியம் என்றால் இழுபறி என்று பேசிப் பழகிய எனக்கே அது ஆச்சரியமாக இருந்தது. ஆக, மலை எங்களை உள்ளே விட்டது. மலையில் இடம் விற்கிறவர்தாம் விடவில்லை.

விடுதியின் இரும்புக் கதவுக்கு முன்னால் வண்டி நின்றது. வாசற்காவலர் வந்தார். ஐம்பது வயதிருக்கும்.

"ரூம் புக்கிங் நம்பர் சொல்லுங்க ஐயா."

"ரூம் எடுக்கலைங்க. பாயிண்ட் வாங்க வந்திருக்கோம். பதினோரு மணிக்கு வரச் சொல்லியிருக்காங்க" என்றார் அத்தான்.

"அப்ப வண்டியை உள்ளே விட முடியாதுங்க. தங்கறவங்க வண்டிக்கு மட்டுந்தான் அனுமதி."

அத்தான் விற்பனைக்காரப் பையனுக்குப் போன் செய்தார். அந்தக் குரலில்தான் என்ன இனிமை! "சார், வந்துட்டீங்களா? வெல்கம் டிரிங்க் ரெடியா இருக்கு சார். வண்டியை மட்டும் வெளியில எங்கேயாவது போட்டுட்டு வந்துடுங்க சார்" என்றான்.

எங்கேயாவது என்றால் எங்கே? சாலை இரண்டு வண்டிகள் ஒதுங்கிப் போகும் அகலம். ஒரு பக்கம் சாக்கடை, மறுபக்கம் விடுதியின் மதில். மதிலிலேயே 'வாகனங்கள் நிறுத்தக் கூடாது' என்று போலீஸ் பலகை. பொது நிறுத்துமிடம் சரிவில் ஒரு மைலுக்கு மேல் கீழே, ஏரிப்பக்கம் இருக்கிறது என்று காவலர் கை காட்டினார். "இந்த அம்மாவை மட்டும் உள்ளே போர்டிகோவில் இறக்கிவிட்டு உடனே வண்டியை வெளியே எடுத்துடறேன்" என்று கேட்டேன். அவர் முகம் வாடிப் போயிற்று. வண்டி கதவைத் தாண்டினால் நோட்டில் எழுத வேண்டும், எழுதினால் ரூம் நம்பர் போட வேண்டும், ரூம் நம்பர் இல்லாத வண்டி உள்ளே போனால் தம்முடைய அரை நாள் சம்பளம் போய்விடும் என்றார்.

கதவின் கம்பிகளுக்கிடையே உள்ளே பார்த்தேன். வெள்ளைக் கோடு போட்ட 40 இடங்களை எண்ணினேன். அவற்றில் நின்றவை 11 வண்டிகள்.

அந்தக் காவலர் தம்முடைய பிளாஸ்டிக் நாற்காலியைத் தூக்கி வந்து நிழலில் போட்டு, "அம்மா, நீங்க இதுல உட்காருங்க. ஐயாமார் போய் வண்டியை விட்டுட்டு வரட்டும்" என்றார். அந்த விடுதி அன்றைக்கு எங்களுக்கு மனதாரக் கொடுத்த ஒரே ஆசனம் அதுதான். அதுவும் விடுதியின் தயவல்ல. நாள் முழுவதும் நிற்க வேண்டிய ஒரு மனிதர் தம் இருக்கையை விட்டுக் கொடுத்தது. இந்தக் கட்டுரையில் அவர் மேல் எனக்கு ஒரு புகாரும் இல்லை. விதியை எழுதியவன் ஒருவன், அதற்காக வசவு வாங்குகிறவன் இன்னொருவன் என்பது நம் நாட்டில் எல்லா வாசல்களிலும் நடக்கிற அநியாயம்.

இரண்டு கிழவர்கள் ஏழாயிரம் அடி உயரத்து மலையில், சரிவில் இறங்கி வண்டியை விட்டுவிட்டு, அதே சரிவில் ஏறி வந்தோம். முக்கால் மணி நேரம் ஆயிற்று. அக்காள் அதே நாற்காலியில் இருந்தாள். உள்ளே போவதற்குப் பாட்டரி வண்டி ஒன்று நின்றது. அதுவும் தங்குகிறவர்களுக்கு மட்டும். கைத்தடியை ஊன்றிக்கொண்டு அவள் நடந்தாள். காலியாகக் கிடந்த அந்த 29 இடங்களைக் கடந்துதான் நடந்தாள்.

வரவேற்பறையில் எலுமிச்சைச் சாறு கொடுத்தார்கள். சுவரெல்லாம் படங்கள்: கோவாவின் கடல், மணாலியின் பனி, மூணாறின் தேயிலை. பையன் ஒரு மணி நேரம் பேசினான். அவன் பேச்சில் 'பாயிண்ட்' என்ற வார்த்தை எத்தனை தரம் வந்தது என்பதற்குக் கணக்கில்லை. தமிழில் அதற்குப் புள்ளி என்று பெயர். நம் பெண்கள் அதிகாலையில் வாசலில் வைப்பதும் புள்ளிதான். அங்கே புள்ளி வைத்தால் கோலம் போட்டே தீர வேண்டும் என்று ஒரு கட்டாயம் உண்டு. ஊரில் பெரும்புள்ளி என்று சிலரைச் சொல்கிறோம். அவர்களுடைய காருக்கு எந்தக் கதவும் தானாகத் திறக்கும். நாங்கள் பெரும்புள்ளிகள் அல்ல. அதனால்தான் சிறு புள்ளிகளை விலைக்கு வாங்கப் போயிருந்தோம்.

இந்தப் புள்ளி வியாபாரம் இன்று நேற்றுத் தோன்றியதல்ல. விடுமுறை வீட்டைப் பலர் பங்கிட்டுக் கொள்ளும் ஏற்பாடு 1960களில் ஐரோப்பாவில் தொடங்கியது. சுவிட்சர்லாந்தில் ஹாப்பிமாக் என்ற நிறுவனம் 1963இல் பிறந்தது. ஓர் ஊரில் உள்ள உரிமையை இன்னோர் ஊரில் மாற்றிக்கொள்ளும் ஸ்தாபனம் அமெரிக்காவில் 1974இல் வந்தது. டிஸ்னி நிறுவனம் 1991இல் பிளாரிடாவில் புள்ளிக் கணக்கில் விற்க ஆரம்பித்தது. எண்ணம் மோசமான எண்ணமல்ல. தனியாக ஒரு பங்களா வாங்க முடியாத நடுத்தரக் குடும்பங்கள் ஐம்பது சேர்ந்து ஒன்றை வாங்கி, ஆளுக்கு ஒரு வாரம் அனுபவிப்பது நல்ல கூட்டுறவு என்றே சொல்வேன்.

ஆனால் இன்ன வீட்டில் இன்ன வாரம் என்று எழுதி வாங்கியவனுக்குக் கையில் ஏதோ ஒன்று இருக்கிறது. அந்த வாரம் அவன் போனால் இன்னொருவன் அங்கே இருக்க முடியாது. புள்ளி வாங்கியவன் கையில் இருப்பது என்ன? அது ஒரு நாணயம். அச்சடிப்பவரும் அவரே, அதற்கு எந்தக் கடையில் என்ன கிடைக்கும் என்று விலை எழுதுகிறவரும் அவரே. டிஸ்னியின் கதையில்கூட ஒரு கட்டுத்திட்டம் உண்டு. ஒரு கட்டடத்துக்கான ஆண்டுப் புள்ளிகளின் மொத்தத்தை அவர்கள் நினைத்தபடி கூட்ட முடியாது. ஒரு நாளுக்கு ஏற்றினால் வேறொரு நாளுக்கு இறக்க வேண்டும். நம் மலையடிவாரத்தில் கூவி விற்கும் புள்ளிக்கு அப்படி ஒரு மொத்தக் கணக்கு உண்டா என்று அந்தப் பையனைக் கேட்டேன். "நல்ல கேள்வி சார்" என்றான். பதில் வரவில்லை.

ஆகவே நானே கணக்குப் போட்டேன். ஓர் அறைக்கு வருஷத்தில் 52 வாரம். பழுதுபார்க்க இரண்டைத் தள்ளிவிட்டால் 50. ஐம்பது குடும்பங்களுக்கு ஆளுக்கு ஒரு வாரம் விற்கலாம். காகிதத்தில் சரியாக இருக்கிறது. ஆனால் அந்த ஐம்பது குடும்பங்களும் பள்ளிக்கூடம் போகும் குழந்தைகளை வைத்திருப்பவர்கள். அவர்களுக்குக் கோடை விடுமுறை ஏப்ரல் கடைசி தொடங்கி ஆறு வாரம். அறை ஒன்று, வாரம் ஆறு, குடும்பம் ஐம்பது. ஆறு குடும்பம் கொடைக்கானலில் கோடையைக் கழிக்கும். மற்ற 44 குடும்பங்களுக்கு 'அந்த வாரம் நிரம்பிவிட்டது, நவம்பரில் முயலுங்கள்' என்று பதில் வரும். நவம்பரில் அந்த மலையில் மழை, சமவெளியில் பரீட்சை. ஆனாலும் பராமரிப்புக் கட்டணத்துக்கு மட்டும் எல்லா மாதமும் நல்ல பருவந்தான். தங்கினாலும் தங்காவிட்டாலும் அதைக் கட்டியே ஆக வேண்டும்.

இப்போது என் காருக்கு வருகிறேன். பையன் பேசி முடித்ததும் அத்தான் ஒரே ஒரு கேள்வி கேட்டார்.

"தம்பி, நான் மெம்பர் ஆயிட்டேன்னு வச்சுக்குவோம். என் பேரன் இங்கே தங்கியிருக்கான். அவனைப் பார்க்க நானும் இவளும் மதுரையிலிருந்து கார்ல வர்றோம். வண்டி உள்ளே வருமா?"

"கண்டிப்பா சார். அவெய்லபிலிட்டி இருந்தா நிச்சயம் விடுவாங்க."

"இன்னைக்கு உள்ளே 29 இடம் காலி. அது அவெய்லபிலிட்டி இல்லையா?"

பையன் மானேஜரை அழைத்து வந்தான். அத்தான் அவரிடம், "மெம்பருடைய ஒரு வண்டிக்கு எப்போதும் இடம் உண்டு என்று ஒரு வரி எழுதிக் கொடுங்கள், இப்போதே செக் தருகிறேன்" என்றார். மானேஜர் மரியாதையாகச் சிரித்தார். "பார்க்கிங் வேற டிபார்ட்மெண்ட் சார். எங்களால எழுத்துல தர முடியாது."

வாசகர்களே, அந்த ஒரு வாக்கியத்துக்காகத்தான் இந்தக் கட்டுரை. பார்க்கிங் வேறு டிபார்ட்மெண்ட். நாளைக்கு அறை கிடைக்காவிட்டால் ரிசர்வேஷன் வேறு டிபார்ட்மெண்ட். கட்டணம் ஏறினால் கணக்கு வேறு டிபார்ட்மெண்ட். பணம் வாங்கும் டிபார்ட்மெண்ட் ஒன்று மட்டும் எப்போதும் நம் எதிரிலேயே உட்கார்ந்திருக்கிறது. 25 வருஷத்துக்கு நூற்றெழுபத்தைந்து நாள் தங்க இடம் தருகிறேன் என்று சத்தியம் செய்கிற வாய், மூன்று மணி நேரம் ஒரு காரை நிறுத்த இடம் தருகிறேன் என்று ஒரு வரி எழுத மறுக்கிறது. முதலாவதை எப்படி நம்புவது? சிறிய வாக்கைக் காப்பாற்றச் செலவில்லை; 29 இடம் காலியாகக் கிடக்கிறது. அதையே தர மனமில்லாதவர், இடம் நெருங்கும் மே மாதத்தில் பெரிய வாக்கைக் காப்பாற்றுவார் என்று எந்த நம்பிக்கையில் செக்கைக் கிழிப்பது?

இதற்கு மூன்று ஆட்சேபங்கள் சொல்வார்கள் என்று எனக்குத் தெரியும்.

ஒன்று: "அது அவர்களுடைய சொந்த இடம். பணம் கொடுத்துத் தங்குகிறவர்களுக்கு ஒதுக்குவதில் என்ன தப்பு? யார் வேண்டுமானாலும் வாங்க வந்தேன் என்று சொல்லி வண்டியை உள்ளே விட்டுவிட்டு ஊர் சுற்றப் போய்விடுவானே!" இதில் உண்மை உண்டு. கோடையில் அந்த ஊரில் காலி இடத்தைக் கண்டால் யாருக்கும் ஆசை வரும். ஆனால் நாங்கள் வழியே போனவர்கள் அல்ல. தேதியும் மணியும் குறித்து அழைக்கப்பட்டவர்கள். கார் நம்பர் அவர்கள் கையில் இருந்தது. அதை எழுதி வாசலுக்கு அனுப்பியிருந்தால் காரியம் முடிந்தது. அழைக்கத் தெரிந்தவனுக்கு வரவேற்கவும் தெரிய வேண்டும்.

இரண்டாவது: "இது அற்ப விஷயம். யானையை வாங்கப் போனவர் அங்குசத்துக்கு வழக்காடலாமா?" நம் நாட்டுச் சட்டம் இதை அற்பமாக நினைக்கவில்லை. அடுக்குமாடிக் கட்டடத்தில் திறந்தவெளியிலும் தூண்களுக்கு அடியிலும் உள்ள வாகன இடங்களைக் கட்டியவர் தனியே பிரித்து விற்க முடியாது, அவை அங்கே குடியிருப்பவர்களுக்குப் பொதுவானவை என்று மகாராஷ்டிரத்து வழக்கொன்றில் 2010இல் உச்ச நீதிமன்றம் தீர்ப்பளித்தது. டில்லியில் 1998இல் ஒரு நட்சத்திர ஓட்டலில் விருந்தாளி ஒருவர் சிப்பந்தியிடம் சாவி கொடுத்து நிறுத்தச் சொன்ன கார் திருட்டுப் போயிற்று. 'நிறுத்துவது உரிமையாளர் பொறுப்பு' என்று சீட்டில் அச்சடித்திருந்ததைக் காட்டி ஓட்டல் தப்பப் பார்த்தது. தன் கவனக்குறைவை அந்த அச்சு வாசகத்தின் பின்னால் ஒளித்துக்கொள்ள முடியாது என்று 2019 நவம்பரில் அதே நீதிமன்றம் சொல்லிவிட்டது. அமெரிக்காவில், பிளாரிடாவிலுள்ள டிஸ்னி ஓட்டல்கள் தங்குகிறவர்களின் காருக்கே இரவுக் கட்டணம் என்று 2018 மார்ச்சில் ஆரம்பித்து, 2023 ஜனவரியில் கைவிட்டன. ஆகவே காருக்கு இடம் என்பது அங்குசம் அல்ல. யானையின் ஒரு காலாகவே எல்லாரும் அதை மதிக்கிறார்கள்.

மூன்றாவது ஆட்சேபந்தான் கனமானது. ஆரம்பத்தில் முகம் சுளித்த வாசகர் சொல்வது: "அந்தச் சின்ன மலையில் இத்தனை கார்கள் எதற்கு?" அவருக்கு நான் தலை வணங்குகிறேன். 1863இல் வெட்டிய ஓர் ஏரியைச் சுற்றி வளர்ந்த ஊர் அது. மோட்டார்கள் ஏற மலைப்பாதை வந்ததே அதற்கு அரை நூற்றாண்டு கழித்துத்தான். அதன் தெருக்கள் நம் கார்களைக் கனவிலும் கண்டவை அல்ல. அதனால்தான் நீதிமன்றம் தலையிட்டு, 2025ஆம் ஆண்டுக் கோடைக்கு ஒரு கணக்குச் சொன்னது. ஏப்ரல் 1 முதல், கொடைக்கானலுக்குச் சாதாரண நாட்களில் 4,000 வண்டிகள், சனி ஞாயிறுகளில் 6,000. நீலகிரிக்கு 6,000, 8,000. மலைக்கு ஒரு கொள்ளளவு உண்டு, அதை எண்ணித்தான் விட வேண்டும் என்பது இதன் தாத்பரியம். எனக்கு முழுச் சம்மதம். நான் ஒரு நாள் பஸ்ஸில் போகச் சித்தமாக இருக்கிறேன்.

ஆனால் இதையே புள்ளி விற்கிறவரிடம் திருப்பிக் கேட்க வேண்டாமா? மலைக்கு இத்தனை வண்டிதான் என்று கோர்ட்டு எண்ணுகிறது. உங்கள் விடுதிக்கு இத்தனை குடும்பந்தான் என்று நீங்கள் எண்ணுகிறீர்களா? அறை எத்தனை, விற்ற உறுப்பினர் எத்தனை, மே மாதத்தில் கேட்டவர் எத்தனை, கிடைத்தவர் எத்தனை? இந்த நான்கு எண்களை வாசலில் ஒரு பலகையில் எழுதி வைக்கட்டும். 'வாகனங்கள் நிறுத்தக் கூடாது' என்று போலீஸ் எழுதி வைத்திருக்கிற அதே மதிலில் இடம் இருக்கிறது.

நம் நாட்டில் இந்த வியாபாரத்துக்கென்று தனியாக ஒரு மத்தியச் சட்டம் இல்லை. ஐரோப்பிய நாடுகள் 1994லேயே வாங்கினவனுக்கு மனம் மாற 10 நாள் அவகாசம் கொடுத்தன. 2009இல் அதை 14 நாள் ஆக்கி, அந்த அவகாசம் முடியும்வரை முன்பணமே வாங்கக் கூடாது என்றும் விதித்தன. ஸ்பெயின் 1998இல் ஒப்பந்தம் 50 வருஷத்துக்கு மேல் போகக் கூடாது என்று சட்டம் செய்தது. இங்கே சில நிறுவனங்கள் தாமாக மனமிரங்கி ஒப்பந்தத்தில் சில நாள் அவகாசம் எழுதுவதோடு சரி. ஆனாலும் நாம் நிராயுதபாணிகள் அல்ல. 2019ஆம் ஆண்டு நுகர்வோர் பாதுகாப்புச் சட்டம், 2020 ஜூலையில் நடைமுறைக்கு வந்தது, ஒருதலைப்பட்சமான ஒப்பந்தத்தை 'நியாயமற்ற ஒப்பந்தம்' என்று பெயரிட்டே சொல்கிறது. அதை எதிர்த்து மாநில ஆணையத்துக்குப் போகலாம். வாங்கினவர் தாம் குடியிருக்கும் ஊரிலேயே வழக்குப் போட்டுக்கொள்ளவும் அந்தச் சட்டம் இடம் கொடுக்கிறது. மதுரைக்காரர் நியாயம் கேட்க, கம்பெனி இருக்கும் ஊருக்கு அலைய வேண்டியதில்லை.

ஆயினும் சட்டத்தைச் சொல்லி மட்டும் இதை முடிக்க எனக்கு விருப்பமில்லை. வழிப்போக்கனுக்கு இடம் கொடுப்பது இந்த நாட்டுக்குத் தெரியாத வித்தை அல்ல. தஞ்சை மராட்டிய மன்னர்கள் இராமேசுவரம் போகும் பாதை நெடுகச் சத்திரங்கள் கட்டினார்கள். ஒரத்தநாட்டில் முத்தாம்பாள் சத்திரம் இன்றும் நிற்கிறது. நம் பழைய ஊர்கள் பலவற்றில் வண்டிப்பேட்டை என்று ஓர் இடம் உண்டு. மாட்டை அவிழ்த்து, தண்ணீர் காட்டி, வண்டியை நிறுத்திவிட்டு மனிதன் கவலையில்லாமல் ஊருக்குள் போனான். வருகிறவன் வண்டியோடுதான் வருவான் என்று அந்தக் காலத்தில் படிக்காத ஊர்க்காரனுக்குத் தெரிந்திருந்தது. அவன் எவருக்கும் எதையும் விற்கவில்லை. இன்றைக்கு ஐந்து லட்சத்துக்கு இடம் விற்கிறவருக்கு அது வேறு டிபார்ட்மெண்ட் ஆகிவிட்டது.

விடுமுறைப் புள்ளி வாங்க உத்தேசித்திருப்பவர்களுக்கு நான் சொல்வது இதுதான். படத்தைப் பார்க்காதீர்கள். எலுமிச்சைச் சாற்றைக் குடியுங்கள், அதில் தோஷமில்லை. ஆனால் கையெழுத்துக்கு முன்னால், வீட்டிலுள்ள நடக்கமாட்டாதவரையும் கூட்டிக்கொண்டு, அந்த விடுதியின் வாசலுக்கு ஒரு தடவை போய் நில்லுங்கள். கதவு எப்படித் திறக்கிறது என்று பாருங்கள். இன்னும் பணம் கொடுக்காத உங்களை, பணம் கொடுக்கப் போகிற உங்களை, அவர்கள் நடத்துவதைவிட நன்றாக, பணம் கொடுத்து முடித்த உங்களை நடத்த மாட்டார்கள். வாயால் சொன்னதையெல்லாம் எழுத்தில் கேளுங்கள். எழுத மறுக்கிற ஒவ்வொரு வரியையும் 'இல்லை' என்றே படித்துக்கொள்ளுங்கள்.

அத்தான் கையெழுத்துப் போடவில்லை. பேனாவை மூடிச் சட்டைப் பையில் செருகிக்கொண்டு எழுந்தார். வாசலில் காவலரிடம் அக்காள், "நாற்காலி குடுத்தீங்களே, நல்லா இருங்க" என்று சொல்லிவிட்டு, நாங்கள் காரைக் கொண்டுவரும்வரை மறுபடியும் அதிலேயே உட்கார்ந்தாள். ஏரிப்பக்கத்து நிறுத்துமிடத்தில் பணம் கட்டினோம். சீட்டுக் கொடுத்தார்கள். வண்டி நம்பர், வந்த நேரம், போன நேரம், கட்டிய தொகை எல்லாம் அதில் இருந்தன. அத்தான் கண்ணாடியை மாட்டிக்கொண்டு அதை ஒரு தரம் முழுக்கப் படித்தார்.

"மாப்ளே, எந்த இடம், எவ்வளவு நேரம், என்ன விலைன்னு இன்னைக்கு ஒழுங்கா எழுதிக் குடுத்தது இவங்க ஒருத்தர்தான்" என்றார்.

அந்தக் கோடையில் பேரப்பிள்ளைகள் மதுரையிலேயே இருந்தார்கள். அறைகள் இரண்டுதான், நெரிசல்தான். ராத்திரிகளில் எல்லாரும் மொட்டை மாடியில் பாய் விரித்துப் படுத்தோம். வந்தவர்களுடைய இரண்டு கார்களும் எங்கே நிற்பது என்ற பேச்சு வந்தபோது, எதிர்வீட்டுக்காரர் தம் ஸ்கூட்டரைத் திண்ணையோரம் ஒதுக்கிவிட்டு, "இங்கே விடச் சொல்லுங்க" என்றார்.